பின்சுவர் மூட்டைகள்

கணவன் தினமும் முகம் மழித்துக்கொள்ள ஆரம்பித்ததுதான் சுலோசனாவின் மனத்தில் முதலில் தைத்தது.

சினிமாக் கொட்டாயை மூடிய நாளிலிருந்து தட்சணாமூர்த்தியின் கன்னத்தில் பிளேடு படுவது வாரத்துக்கு ஒருமுறைதான். உப்பளத்தில் பம்புசெட்டைக் கழற்றி மாட்டுகிறவனை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? சேறும் கிரீசுமாக வருவான், குளிப்பான், சாப்பிடுவான், படுப்பான். பேச்சு குறைந்த மனுஷன். அப்படிப்பட்டவன் இந்த மாசி மாதத்தில் விடிந்ததும் கிணற்றடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் நுரை பூசி, ஏதோ ஒரு பாட்டை மூக்கால் முனகிக்கொண்டு நின்றால் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

“இன்னாங்க, எங்கனா விசேஷமா?” என்று கேட்டாள்.

“டிராமா கம்பெனிக்காரங்க மத்தியானம் வர்றாங்க சுலோ. கொட்டாயைப் பெருக்கித் தண்ணி தெளிக்கணும்.”

“தொடப்பம் பிடிக்கிறதுக்கு மூஞ்சி எதுக்குப் பளபளன்னு இருக்கணும்?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் புதுசுதான். ஆறேழு வருஷமாக அதை எங்கே ஒளித்து வைத்திருந்தான், இப்போது யாருக்காக வெளியே எடுக்கிறான் என்று யோசித்துக்கொண்டே சுலோசனா அடுப்படிக்குப் போனாள். தோசை கருகியது.

மரக்காணம் கடைத்தெருவில் தனகோடி டாக்கீஸ் என்றால் தெரியாதவர் கிடையாது. சுலோசனாவின் அப்பா குப்புசாமி, உப்பளத்தில் சம்பாதித்ததைப் போட்டுத் தன் மனைவியின் பெயரில் கட்டிய கொட்டகை அது. முதலில் ஆர்மோனியம் வைத்துப் பாட்டு நாடகங்கள்தான் நடந்தன; சினிமா மிஷின் அப்புறம்தான் வந்தது. அதனால் திரைக்கு முன்னால் நல்ல தேக்குப் பலகை மேடை ஒன்று உண்டு. வாசல் முகப்பில் இரண்டு சுதை மயில்கள். மாட்னி ஷோ விட்டால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தலையாக இருக்கும் என்பார்கள். அந்த மிஷினை ஓட்டத்தான் தட்சணாமூர்த்தி வந்தான். முதலாளி மகள் படம் பார்க்க வரும் நாளில் இடைவேளைக்கு எந்த ரெக்கார்டு போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குப்புசாமி முதலில் குதித்தார், பிறகு சம்மதித்தார். அது ஒரு காலம்.

பிறகு கேபிள் வந்தது. சிடி வந்தது. கொட்டாயில் ஆளை விடக் கொசு அதிகமானபோது, அப்பாவும் இல்லாத நிலையில், சுலோசனாவே பூட்டைப் போட்டாள். பூட்டிக் கிடப்பானேன் என்று தன் உப்பளத்து மூட்டைகளை உள்ளே அடுக்கினாள். உப்புக் காற்றில் மயில்களின் மூக்கு உதிர்ந்து, பார்ப்பதற்கு இரண்டு கோழிகள் மாதிரி ஆகிவிட்டன. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் மீனவக் குடும்பங்கள் சில நாள் உள்ளே தங்கியதோடு சரி. மற்றபடி அது உப்புக் கிடங்குதான்.

போன ஐப்பசியில் கொட்டிய மழைதான் அந்தக் கதவைத் திறந்தது. கூனிமேட்டுப் பக்கம் ஆடப் போன கன்னியப்பனின் நாடகக் கம்பெனி, வேனோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் வந்து ஒதுங்கியது. ஆர்மோனியப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் தட்சணாமூர்த்தி சாவியைக் கொண்டுபோய்த் திறந்துவிட்டான். கன்னியப்பன் பெருத்த உடம்புக்காரர். கம்பெனி முதலாளியும் அவரே, ராஜா வேஷமும் அவரே, டிக்கெட் கிழிப்பதும் அவரே. தலை துவட்டிக்கொண்டே மேடையில் ஏறி ஒரு பாட்டை இழுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, “ஏம்பா, இது கொட்டாயா, கோயில் கருவறையா? மைக்கே வேணாம் போலக்குது!” என்றாராம்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. சும்மா குந்திக்கிடந்த ஜனம் முதல் நாளே கூடிவிட்டது. அடுத்த மாதமும் அவர்கள் வந்தார்கள். சேதி பரவி, திண்டிவனம் பக்கத்துக் கம்பெனி ஒன்றும் புதுச்சேரிக் கம்பெனி ஒன்றும் தேதி கேட்டு வந்தன. தை பிறந்து பாத்திகளில் வேலை ஆரம்பித்ததும் ஒரு சிக்கல்: விடிய விடிய ஆடும் நாடகத்தில் பாதி ராஜ்ஜியம் பறிபோகும்போதே ஜனம் எழுந்து போய்விடும். வெயில் ஏறுவதற்கு முன்னால் உப்பு வார வேண்டியவர்கள், என்ன செய்வார்கள்? தட்சணாமூர்த்திதான் யோசனை சொன்னான். பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். கன்னியப்பன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், பிறகு நாடகத்தை வெட்டிக் குறைத்தார். அதற்குப் பிறகு கூட்டம் தாங்கவில்லை. கடைத்தெருவில் மூடிக்கிடந்த பஜ்ஜிக் கடை திறந்தது. பூக்காரிகள் வாசலில் உட்கார்ந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஏலம் கேட்க ஆள் வந்தது. பொம்மையார்பாளையத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மயில்களுக்குக் கூட யாரோ சிமெண்டில் மூக்கு வைத்தார்கள்.

எல்லாம் சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் கன்னியப்பன் கம்பெனியில் மேரிசெல்வி இருந்தாள்.

பெரிய முதலியார்சாவடிக்காரி. முப்பது வயசு இருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. மேடையில் ராணியாக வந்தால் ஊரே வாயைப் பிளக்கும். கீழே இறங்கினால் ஒரு வாயாடிப் பெண், அவ்வளவுதான். தட்சணாமூர்த்தியை “ஆபரேட்டர் அண்ணே” என்று கூப்பிடுவாள். சுலோசனாவை “அக்கா” என்பாள். அண்ணனுக்குப் பெண்டாட்டி அண்ணியல்லவா, அக்கா எப்படி ஆனாள் என்று சுலோசனா ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“அண்ணேன்னு கூப்புடறாளேன்னு பார்க்கறியா?” என்று சிரித்தாள் செல்லம்மாள். உப்பு மூட்டை சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. சுலோசனாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. “டிராமாகாரங்களுக்கு எதிர்ல வர்ற ஆம்பளை எல்லாம் அண்ணன்தான்மா. எம் புருஷன்கூட ஒருகாலத்துல இப்படித்தான் பவுடர் போட்டுக்கினு, தலைய படிய வாரிக்கினு போவான். சர்ச்சுல வேலைன்னான். நாங்க சாமி கும்புடறது மாரியாத்தாளைன்னு அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துது!”

“சும்மா இருக்கா. எங்க வூட்டுக்காரர் அப்படி இல்ல.”

“நான் அப்படின்னு சொன்னனா? மூஞ்சி மழிச்சிருக்காருன்னு நீதான் சொன்ன.”

அன்றைக்கு மத்தியானம் தட்சணாமூர்த்தி சாப்பிட வரவில்லை. சுலோசனா பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டப் போனவளின் காதில் பெண் குரல் ஒன்று விழுந்ததும் கை நின்றுவிட்டது. டிக்கெட் கவுண்டர் பலகையில் ஒரு விரிசல் உண்டு. அதில் கண்ணை வைத்தாள்.

மேடையில் மேரிசெல்வி நின்றாள். வேஷம் இல்லை, சாதாரண வாயில் புடவை. எதிர்ப்பக்கம், கடைசியில், கூரை வரை அடுக்கிய உப்பு மூட்டைகளை ஒட்டித் தட்சணாமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வேறு ஒரு ஈ காக்காய் இல்லை.

“கரையில நிக்கிறேன் கண்ணாளா, ஒரு கை காட்டு...” என்று அவள் பாடினாள்.

அவன் தலையை ஆட்டினான். ஒரு மூட்டையை அரை முழம் நகர்த்தினான். அவள் அதே வரியைத் திரும்பப் பாடினாள். மறுபடி தலையாட்டல். ஏதோ துணியை எடுத்து மூட்டைகளின் இடுக்கில் திணித்தான். அவள் மூன்றாம் முறையும் அதையே பாடினாள், இன்னும் குழைந்து. இந்த முறை தட்சணாமூர்த்தி கண்ணைத் திறந்து, முகமெல்லாம் மலர, வலது கையை உயரத் தூக்கிக் காட்டினான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சுலோசனா காப்பியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து தென்னை மரத்தடியில் ஊற்றினாள்.

நேரடியாகக் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டு, அவன் ஒரு பதில் சொல்லி, அந்தப் பதில் பொய்யாக இருந்துவிட்டால்? அப்பாவிடம் மல்லுக்கட்டி அவள் கட்டிக்கொண்டவன். அவன் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பொய் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அடையாளம் தெரியாது. அதுதான் பயமாக இருந்தது.

மழைக்குப் பிறகு உப்பு விலை ஏறியிருந்தது. பழைய மூட்டைகள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாக விழுப்புரத்து வியாபாரி ஆள் அனுப்பினான். சுலோசனா சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தாள்.

“கொட்டாய்ல இருக்கற மூட்டையெல்லாம் போட்டுடலாம்னு இருக்கேன். ரெண்டு பக்கமும் காலியானா இன்னும் நாலு வரிசை நாற்காலி போடலாம்.”

“சைடுல இருக்கறத எடுத்துக்கோ. பின்சுவர்ல இருக்கறத மட்டும் தொடாத சுலோ.”

“ஏன்?”

“அதை எடுத்தா பாட்டு கெட்டுப்பூடும். வெறும் சுவரா இருந்தா சத்தம் போய் முட்டித் திரும்பி வரும். மூட்டை இருக்கறதாலதான் அப்படியே வாங்கிக்குது. சினிமா ஓடினப்ப அங்க தென்னை நார்ப் பாய் அடிச்சிருந்தோம். கரையான் தின்னுடுச்சு.”

அவள் அவனையே பார்த்தாள். பொய் என்றால் இப்படித்தான் இருக்குமோ? இத்தனை நாள் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன், மூட்டைக்காக இவ்வளவு நீளம் பேசுகிறான்!

“வாங்கிக்குதா? மூட்டைக்கு இன்னா காது இருக்குதா?”

“இருக்குதுன்னுதான் வெச்சுக்கயேன்” என்று சொல்லிவிட்டு அவன் மோர் ஊற்றிக்கொண்டான்.

பிறந்ததிலிருந்து உப்போடு வாழ்கிறவள் சுலோசனா. உப்பு கரையும், கசியும், இரும்பைத் தின்னும், காலில் புண் வைக்கும். பாட்டு கேட்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் அவன் உப்பளத்துக்குப் போனபின் தனியாகக் கொட்டாயைத் திறந்து பின்சுவருக்குப் போனாள். மூட்டைகள் ஒழுங்காக அடுக்கப்படவில்லை. அங்கங்கே பொந்து விட்டிருந்தது. இடுப்பு உயரத்தில் இருந்த ஒன்றில் கையை விட்டாள். துணி சிக்கியது. இழுத்தால், ஜிகினா வைத்த புடவைத் தலைப்பு. ரோஸ் பவுடர் வாசனையும் வாடின மல்லி வாசனையும் அடித்தது. கை சுட்டதுபோல் அதைத் திரும்பத் திணித்தாள்.

“அந்தச் சுவத்துலதான லேடீஸ் கதவு இருந்துது?” என்றாள் செல்லம்மாள், இதைக் கேட்டதும். “சந்துல போய்த் தெறக்குமே! கம்பெனி பொம்பளைங்க வாடகைக்குத் தங்கற வீடு அதே சந்துலதான?”

“அத அப்பவே கல்லு வெச்சு அடைச்சிட்டேன்னாரு.”

“நீ பார்த்தியா?”

சுலோசனா பார்க்கவில்லை. மூட்டை ஏறிய பிறகு அந்தச் சுவரை யாருமே பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மூட்டைகளை எடுத்துப் பார்த்துவிட வேண்டியது. அங்கே கதவு திறக்கிற மாதிரி இருந்தால், இந்த வீட்டில் தனக்கு இனி வேலை இல்லை. பொம்மையார்பாளையத்தில் அக்கா வீடு இருக்கிறது. கொட்டாய் தன் பெயரில் இருக்கிறது. டிராமாவும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், பழையபடி உப்பைப் போட்டுப் பூட்டிவிடலாம். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். மஞ்சள் பையில் இரண்டு புடவையை மடித்து வைத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளினாள். பக்கத்தில் அவன் கையைத் தலைக்கு வைத்துக் குழந்தை மாதிரித் தூங்கினான். மனசாட்சி சுத்தமாக இருப்பவனும் அப்படித்தான் தூங்குவான். அதைத் துடைத்துப் போட்டவனும் அப்படித்தான் தூங்குவான்.

பங்குனியில் கன்னியப்பன் கம்பெனி ‘மாணிக்கவல்லி’ என்று புது நாடகம் போட்டது. முதல் ஆட்டமே தனகோடி டாக்கீஸில்தான். பழுதான ஆம்ப்ளிபயரைச் சரிசெய்து வாங்கி வரத் தட்சணாமூர்த்தி காலையிலேயே திண்டிவனம் பஸ் ஏறினான். பஸ் முக்குத் திரும்பியதும் சுலோசனா செல்லம்மாளைக் கூப்பிட்டாள்.

பெண்கள் சும்மாடு சுற்றி வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு மூட்டையாகக் கொட்டாயின் பக்கத்து முற்றத்துக்குப் போனது. மறுநாள் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். மூட்டைகள் இறங்க இறங்கச் சுலோசனா பின்சுவரை நெருங்கினாள். ஜிகினாத் துணிகள் உதிர்ந்தன. ஒன்றல்ல, கூடை நிறைய. கிழிந்த ராஜா அங்கி, ஓட்டை விழுந்த திரை, பழைய சட்டை, எல்லாம்.

கடைசி வரிசையும் போனது. சுவர் தெரிந்தது.

கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசி, அந்தப் பூச்சையும் உப்பு அரித்துப் பொருக்காக்கியிருந்தது. பல்லி முட்டைகள் ஒட்டிக்கிடந்தன. மேலே, அப்பா காலத்துப் பெயிண்டர் எழுதிய பெரிய எழுத்துகள் மங்கலாக இருந்தன: ‘எச்சில் துப்பாதீர்’.

செல்லம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தாள்.

“ஒண்ணும் இல்லயேம்மா” என்றாள்.

சுலோசனாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஆனால் உள்ளே இருந்த சந்தேகம் இன்னும் படுக்கவில்லை. கதவு இல்லை, சரி. கை காட்டினது? சிரித்தது? அதற்கு எந்தச் சுவரை இடிப்பது?

“மூட்டைய திரும்ப அடுக்கிடலாமா அக்கா?”

“இப்பவா? ஒவ்வொருத்தியும் வூட்டுக்குப் போயி, குளிச்சு, பூ வெச்சுக்கினு டிராமாவுக்கு வரணும். மாணிக்கவல்லிக்குக் கல்யாணம் ஆவுதா இல்லையான்னு பார்க்க வேணாமா? உப்பு எங்க ஓடிடப் போவுது?”

உப்புதானே என்று சுலோசனாவும் நினைத்தாள். காலியான இடத்தில் நாற்காலிகளைப் போடச் சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் கொட்டாய் நிரம்பிவிட்டது. கம்பெனிக்காரர்கள் மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரை மூடியிருந்ததால் இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. தட்சணாமூர்த்தி மட்டும் இன்னும் வரவில்லை. சுலோசனா கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

திரை விலகியது. கன்னியப்பன் ராஜாவாக நடந்து வந்து, “மந்திரி! நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்றார்.

‘பொழிகிறதா... கிறதா’ என்றது பின்சுவர்.

ஜனம் சிரித்தது. கன்னியப்பன் ஒருகணம் திகைத்து, பிறகு மீசையை முறுக்கி, “யாரடா அங்கே, அரசனை எதிர்த்துப் பேசுகிறவன்?” என்று சமாளித்தார். சுவர் அதையும் திருப்பிச் சொன்னது. இன்னும் பெரிய சிரிப்பு. ஆனால் ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்து பாட்டு ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சொல் போய் முடிவதற்குள் முந்தின சொல் திரும்பி வந்து அதன் மேல் விழுந்தது. ஒரு மிருதங்கம் நாலு மிருதங்கமானது. என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை. கிணற்றுக்குள் சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

“இன்னாயா இது, ஒண்ணும் வெளங்கல!”

“வீட்டுக்கு வீடு டிவி தரப்போறாங்களாம், அதுலயே பார்த்துக்கலாம் போங்கடா!”

விசில் பறந்தது. வேனில் வந்த கூட்டத்தில் சிலர் எழுந்தார்கள்.

மாணிக்கவல்லியாக வந்த மேரிசெல்வி நாலு அடி பாடிவிட்டு நிறுத்தினாள். கையை நெற்றியில் வைத்துக் கொட்டாயின் பின்பக்கம் பார்த்தாள். வெறும் சுவர். அதன் முன்னால் தனியாக நின்ற சுலோசனா. மேரிசெல்வியின் முகத்தில் கோபம் இல்லை. புரிந்துவிட்ட முகம். அது சுலோசனாவுக்கு அறைந்ததுபோல் இருந்தது.

வாசலில் ஆம்ப்ளிபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தட்சணாமூர்த்தி நின்றிருந்தான். பஸ் வழியில் மக்கர் செய்ததில் தாமதமாகி, வியர்வையில் நனைந்து வந்திருந்தான். சுவரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றாள் அவள். “அந்தக் கதவு இருக்குதான்னு பார்த்தேன்.”

எந்தக் கதவு, எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பிறகு ஆம்ப்ளிபயரைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனான். முதல் மூட்டையைத் தானே முதுகில் ஏற்றினான். பம்புசெட்டு தூக்கிப் பழகிய உடம்பானாலும் உப்பு மூட்டைக்கு வேறு லாகவம் வேண்டும்; வாசற்படியில் கால் பின்னியது. விழப்போனவனைச் சுலோசனா ஓடிப்போய்த் தாங்கினாள்.

“செல்லம்மாக்கா!” என்று அவள் போட்ட சத்தம் சுவரில் மோதி இரண்டு முறை திரும்பி வந்தது.

செல்லம்மாள் மூன்றாம் வரிசையில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தை எடுத்து நாற்காலியில் இடம் பிடிக்க வைத்தாள். முந்தானையைச் சுற்றிச் சும்மாடாக்கினாள்.

“இன்னாடி பார்த்துக்கினு குந்தியிருக்கீங்க? இறக்கினது நாமதான? ஏத்துங்கடி!”

வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்தார்கள். ஆண்கள் முற்றத்தில் தூக்கிவிட்டார்கள். உப்பளத்தில் போகிற அதே ஓட்ட நடை, அதே ‘வழி, வழி’ சத்தம். எழுந்து போகப் பார்த்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள், நின்றவர்களையும் செல்லம்மாள் விடவில்லை, “ஏம்பா, கை சும்மாதான இருக்குது?” என்று இழுத்துவிட்டாள். கன்னியப்பன் கிரீடத்தோடு இறங்கி வந்து நாற்காலிகளை ஒதுக்கினார்.

மேரிசெல்வி மேடை ஓரத்துக்கு வந்தாள். “அக்கா, நீங்க அங்கயே நில்லுங்க. அண்ணன் அடுக்கட்டும். நான் பாடறேன், சரியா வந்ததும் சொல்லுங்க” என்றாள்.

“எனக்கு இன்னா தெரியும்?”

“காது இருக்குது இல்ல?”

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. சுலோசனாவுக்குத்தான் முகம் சூடேறியது.

“கரையில நிக்கிறேன் கண்ணாளா, ஒரு கை காட்டு...”

‘காட்டு... காட்டு... ட்டு’ என்று சுவர் சொன்னது. முதல் வரிசை மூட்டைகள் ஏறின. மறுபடி அதே வரி. ‘காட்டு... காட்டு.’ தட்சணாமூர்த்தி மூட்டைகளின் இடையே பொந்து விட்டு, உதிர்ந்து கிடந்த ராஜா அங்கியைத் திணித்தான். “அதுக்குள்ள போய் சத்தம் மாட்டிக்கும்” என்று அவளைப் பார்க்காமலே சொன்னான். மறுபடி வரி. மறுபடி மூட்டை. கொட்டாயே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அத்தனை ஜனமும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை.

சுலோசனா கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு விரிசல் வழியே பார்த்த அதே மாதிரி, அதே இடத்தில், தானும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கண்ணை மூடினால்தான் கேட்கிறது. கேட்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும். சொல் ஒவ்வொரு முறையும் வால் குறைந்து வந்தது. கூரை தொடும் வரிசை ஏறியபோது, “ஒரு கை காட்டு” என்று மேரிசெல்வி பாடியது வந்து சேர்ந்தது. சேர்ந்த இடத்திலேயே நின்றது. பக்கத்தில் நின்று காதோடு சொன்னதுபோல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

சுலோசனாவின் வலது கை தானாக மேலே போனது.

கொட்டாய் இரைந்தது. கைதட்டலும் விசிலுமாகக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. செல்லம்மாள் வியர்த்து வழிந்து திரும்பி வந்தபோது, கனகாம்பரத்தை நகர்த்திவிட்டு யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பிய சண்டை தனி நாடகம். அதற்கப்புறம்தான் ராஜா மறுபடி மந்திரியிடம் மழையைப் பற்றி விசாரித்தார்.

மாணிக்கவல்லிக்குக் கல்யாணம் ஆக அன்றைக்கு ரொம்ப நேரம் ஆகிவிட்டது. உப்பு வாரப் போக வேண்டியவர்கள்கூட எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் மயில் முகப்புக்குக் கீழே நின்றார்கள். அவன் தோளில் மூட்டை உரசிச் சிவந்திருந்தது.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் சுலோசனா. “தினமும் மழிச்சுக்கறீங்களே, அது எதுக்கு?”

தட்சணாமூர்த்தி கன்னத்தைத் தடவிக்கொண்டான். “மிஷின் ஓட்டின காலத்துல ஒருநாள்கூட மழிக்காம வந்தது இல்ல. முதலாளி பொண்ணு என்னைக்கு வரும்னு தெரியாதே. கொட்டாயில மறுபடி கூட்டம் சேர்ந்ததும் பழைய பழக்கம் ஒட்டிக்கிச்சு.” பூட்டை இழுத்துப் பார்த்தான். “ஆனா நீதான் ஒரு நாளும் உள்ள வந்து குந்தலையே சுலோ. டிக்கெட் ஜன்னலோட திரும்பிட்ட.”

அவன் அன்றைக்கு அவளைப் பார்த்திருக்கிறான்! பார்த்தும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று முடிவு செய்வதற்குள் வீடு வந்துவிட்டது. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த மஞ்சள் பையை அவன் கண்ணில் படாமல் எடுத்து, புடவைகளைக் கொடியில் போட்டாள்.

காலையில் விழுப்புரத்து லாரி வந்தது. பக்கச் சுவர் மூட்டைகளை ஏற்றி முடித்த டிரைவர் கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தான். “ஏம்மா, பின்னாடி அவ்ளோ நிக்குதே, மொத்தமும்னுதான சொன்னீங்க?”

“அது விக்கறதுக்கு இல்லப்பா.”

“ஏன், உப்புதான?”

“உப்புதான்” என்றாள் சுலோசனா. “அதுக்குக் காது இருக்குது.”

டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

சித்திரையில் புதுச்சேரிக் கம்பெனி வருகிறது என்றார்கள். அதில் கதாநாயகிக்கு இருபது வயசுகூட ஆகவில்லையாம், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாதாம். செல்லம்மாள்தான் ஓடிவந்து சொன்னாள். சுலோசனா அவளை முறைத்தாள். ஆனால் ஒத்திகை என்றைக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் காப்பியை இரண்டு தம்ளர் அதிகமாகக் கலந்து பிளாஸ்க்கில் ஊற்றினாள். டிக்கெட் ஜன்னலைத் தாண்டி நேராக உள்ளே போய், பின்சுவர் மூட்டைகளில் சாய்ந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டாள்.